பத்திரத்து மேல ஒரு மேப்பு

போன மாசம் கடைசி பதில்ல "காண்டாமிருக பாண்ட்"னு ஒரே ஒரு வரி போற போக்குல எழுதிட்டேன். அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டும் பாத்தா, வீட்டுக்கடன் கேள்விக்குக்கூட இவ்ளோ பேரு எழுதினது இல்ல. அதனால வட்டி, கார் இன்ஸ்டால்மென்ட், மாமியாரோட ஃப்யூனரல் பாலிசி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. இந்த மாசம் முழுக்க காடு, பூச்சி, ஆறு, அப்புறம் பேங்க்.

கே: காண்டாமிருக பாண்ட்னு எழுதினீங்களே, அதுல பணம் போட்டா வட்டி உண்டா? அந்தப் பணம் நிஜமாவே மிருகத்துக்குப் போகுதா, இல்ல வழியிலயே யாராவது தின்னுடறாங்களா? எங்க வீட்ல இருந்து அடோ பார்க் ஒரு மணி நேர டிரைவ்தான், அதான் கேக்குறேன்.
— ஒரு வாசகி, மலபார், போர்ட் எலிசபெத்

ப: அக்கா, முதல்ல ஒரு குழப்பத்தைத் தீத்துடுறேன். நம்ம தென்னாப்பிரிக்கால பாண்ட்னு சொன்னா வீட்டு மேல வாங்குற கடன்னுதான் அர்த்தம், "பாண்ட் முடிஞ்சுதா?"ன்னு கல்யாண வீட்ல கூட கேப்பாங்க. இது அது இல்ல. இதுல கடன் வாங்குறது உலக வங்கி, கொடுக்குறது முதலீட்டாளருங்க.

2022 மார்ச்ல உலக வங்கி 5 வருஷத்துக்கு 248 கோடி ரேண்டுக்கு, அதாவது சுமார் 15 கோடி டாலருக்கு, இந்த பாண்டை வெளியிட்டுச்சு. சாதாரண பாண்ட்னா ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை வட்டி வரும். இதுல வராது. வட்டியா போகவேண்டிய பணத்துல இருந்து சுமார் 15.2 கோடி ரேண்டை உலக வங்கி நேரா ரெண்டு இடத்துக்குக் கொடுக்குது, ஒண்ணு உங்க பக்கத்து அடோ, இன்னொண்ணு கிரேட் ஃபிஷ் ரிவர் ரிசர்வ். ரெண்டுலயும் கருப்பு காண்டாமிருகத்தைப் பாதுகாக்குற செலவுக்கு. முதல் போட்டவங்களுக்கு 5 வருஷம் கழிச்சு போட்ட அசல் முழுசா வரும், அதுக்கு மேல மிருகத்தோட எண்ணிக்கை எவ்ளோ வேகமா கூடியிருக்குன்னு வெளி ஆளுங்க கணக்கெடுத்துச் சொல்வாங்க, நல்லா கூடியிருந்தா ஒரு போனஸ். அந்த போனஸைக் கொடுக்குறது உலகச் சுற்றுச்சூழல் நிதியம், அதிகபட்சம் 1 கோடியே 37 லட்சத்து 60 ஆயிரம் டாலர். கூடவே இல்லைன்னா போனஸ் சைபர். விக்கும்போதே 100 ரேண்ட் பாண்டை 94.84 ரேண்டுக்குக் கொடுத்தாங்க, அதனால வாங்கினவங்க ரொம்ப நஷ்டப்படலன்னும் வெச்சுக்கலாம்.

அந்த மிருகத்தோட கதையும் தெரியணும். 1970ல உலகத்துல சுமார் 65,000 கருப்பு காண்டாமிருகம் இருந்துச்சாம், 1990கள் நடுவுல அது 2,400 சொச்சத்துக்கு வந்துருச்சு. ஒரு தலைமுறைக்குள்ள. அதுக்கப்புறம் மெதுவா ஏறுது. நம்ம நாட்ல 2014ல மட்டும் கருப்பு, வெள்ளை ரெண்டும் சேத்து 1,215 காண்டாமிருகத்தைக் கொம்புக்காகச் சுட்டாங்க, 2023லயும் 499. ராத்திரி பூரா காவல், நாய், ஹெலிகாப்டர், டாக்டர், மிருகத்தை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாத்துறதுன்னு செலவு வருஷா வருஷம் ஓடுது, டூரிஸ்ட் வந்தாலும் வராட்டியும். கோவிட் வந்து கேட்டை மூடுனப்போ பார்க்குக்கெல்லாம் வருமானம் நின்னுச்சு, சம்பளம் நிக்க முடியாது இல்லையா. அந்த இடத்துல 5 வருஷத்துக்கு இவ்ளோ பணம் கட்டாயம் வரும்னு ஒரு உறுதி கெடைச்சதுதான் இந்த பாண்டோட நிஜமான நல்லது. போனஸ் கணக்கெல்லாம் பேப்பர்காரனுக்கு.

யாராவது தின்னுடறாங்களான்னு கேட்டீங்க. மத்த தானத்துல எவ்ளோ பணம் கொடுத்தோம்னுதான் எழுதுவாங்க, இதுல எத்தனை குட்டி பொறந்துச்சுன்னு எண்ணணும். மிருகத்தை எண்றப்ப பொய் சொல்றது கொஞ்சம் கஷ்டம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். போனஸைக் கொடுக்குற அந்த நிதியத்துல இருக்குறது நாடுங்க போட்ட பணம், அதாவது எங்கேயோ ஒருத்தர் கட்டின வரி. தனியார் பணம் காட்டைக் காப்பாத்துதுன்னு விளம்பரம் பண்றப்போ இதைச் சின்ன எழுத்துல போடுறாங்க. இதைச் சொன்னா என் பழைய ஆபீஸ் நண்பருங்க மூஞ்சைத் தூக்கி வெச்சுக்குவாங்க. உங்களால வாங்க முடியுமான்னா, இது பெரிய ஃபண்டுங்களுக்காகச் செஞ்சது அக்கா, நம்ம சேவிங்ஸுக்கு இல்ல. அந்தப் பணத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பேரப்பிள்ளைங்களை அடோவுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்ல கட்டுற காசும் அங்கதான் போகுது.

கே: எனக்கு 81 வயசு. சில்வர்க்ளென் ரிசர்வ் பக்கத்துலதான் வீடு. பேங்க்காரனுக்கும் குருவிக்கும் பூச்சிக்கும் என்னப்பா சம்பந்தம்? அவன் வேலை வட்டி வாங்குறது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு.
— சாட்ஸ்வொர்த் வாசகர்

ப: ஐயா, ஓநாய் அழுவுறது ஆட்டுக்காக இல்ல, தன் சாப்பாட்டுக்காக. அதுல தப்பும் இல்ல, அந்த அழுகை நிஜமா இருந்தாப் போதும்.

கேப் பக்கம் சீரீஸ்லயும் கிராபோலயும் ஆப்பிள், பேரிக்காய் தோட்டம் இருக்கு இல்ல, அங்க வசந்த காலத்துல பூ பூக்குறப்போ தோட்டக்காரரு தேனீப் பெட்டியை வாடகைக்கு எடுத்து வைப்பாரு. தேனீ வரலைன்னா காய் பிடிக்காது, காய் பிடிக்கலைன்னா லோன் கட்ட முடியாது. அந்தத் தேனீ வருஷத்துல மத்த மாசமெல்லாம் எங்க சாப்பிடுது? மலைல இருக்குற ஃபின்போஸ் புதர்ல, ரோட்டோரக் களைச்செடில, யாரோ ஒருத்தர் ஃபார்ம்ல நிக்குற யூகலிப்டஸ் மரத்துல. பேங்க் அடமானமா எடுத்து வெச்சிருக்குறது ஆப்பிள் தோட்டத்தை, ஆனா அந்தத் தோட்டத்தோட வருமானம் நிக்கிறது பத்து மைல் தள்ளி இருக்குற புதர்ல, அது மேல பேங்குக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. இதுதான் சம்பந்தம்.

இதை நெதர்லாந்து மத்திய வங்கி 2020ல உக்காந்து கணக்குப் போட்டுச்சு. அந்த நாட்டு பேங்க், பென்ஷன் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் எல்லாரும் போட்டிருக்குற பணத்துல 1.4 லட்சம் கோடி யூரோவை எடுத்துப் பாத்தா, அதுல 51,000 கோடி யூரோ, அதாவது 36 சதவீதம், இயற்கை செஞ்சு கொடுக்குற ஏதோ ஒரு வேலையை ரொம்ப நம்பி நிக்குதுன்னு தெரிஞ்சுது. தண்ணி, மண்ணு, மகரந்தம், வெள்ளத்தைத் தடுக்குறது, இப்படி. அது ஒரு குட்டி நாடு, கால்வாசி இடம் கடல் மட்டத்துக்குக் கீழ. நம்ம நாட்டுக்குக் கணக்குப் போட்டா இதைவிடக் கம்மியா வரும்னு எனக்குத் தோணல.

இப்போ என் கதை. 31 வருஷம் லோன் டெஸ்க்ல உக்காந்தவன் நான். 1990கள்ல நார்த் கோஸ்ட்ல ஒரு கேன் ஃபார்ம்காரரு வந்தாரு, கரும்பை விரிவாக்கணும், கீழ ஒரு வ்லேய், அதாவது சதுப்பு, இருக்கு, சும்மா நாணலும் தவளையுமா கெடக்கு, வாய்க்கால் வெட்டி தண்ணியை வடிச்சுட்டா இன்னும் இவ்ளோ ஏக்கர் கிடைக்கும்னு. நான் மூணு வருஷ மில் கணக்கைப் பாத்தேன், பத்திரத்தைப் பாத்தேன், மதிப்பீட்டாளரு ரிப்போர்ட்டைப் பாத்தேன், எல்லாம் சுத்தம், கையெழுத்துப் போட்டேன். பெருமையாக் கூட இருந்துச்சு, அந்த மாசம் டார்கெட் முடிஞ்சுது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு பெரிய மழை. முன்னாடி அந்தச் சேத்து நிலம் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணியை உறிஞ்சு வெச்சு மெதுவா விடும், இப்போ வாய்க்கால்ல அது ரயில் மாதிரி இறங்கி கீழ இருந்த சின்னத் தோட்டக்காரங்க நிலத்துல ஏறிடுச்சு. கத்திரி, மிளகா, கொத்தமல்லி எல்லாம் போச்சு. அவங்கள்ல ரெண்டு பேரு எங்க பிராஞ்ச்லயே கடன் வாங்கினவங்க. ஒரே ஃபைல் அலமாரில ஒரு லோன் இன்னொரு லோனைத் தின்னுடுச்சு, அதைத் தின்ன வெச்சது நான்.

இதைச் சொல்றது ஏன்னா, இதைத் தடுக்குறதுக்கு எங்கிட்ட எல்லாமே இருந்துச்சு. பத்திரத்துல நிலத்தோட நம்பர் இருக்கு, எல்லை இருக்கு, சர்வே டயக்ராம் இருக்கு. ஒரு நாட்ல எந்தத் துண்டு நிலம் எங்க இருக்குன்னு பேங்க் மாதிரி தெரிஞ்சவன் யாரு? அதுக்கு மேல எந்த இடம் சதுப்பு, எந்த இடம் அரிய செடி இருக்குற இடம்னு ஒரு மேப்பை வெச்சுப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை. அப்போ அந்த மேப்பு கெடைக்குறது கஷ்டம். இப்போ நம்ம தேசிய பல்லுயிர் நிறுவனம், சான்பின்னு சொல்வாங்களே, அது அந்த மாதிரி மேப்பெல்லாம் இணையத்துல இலவசமாவே போட்டு வெச்சிருக்கு, காப்பாத்தியே ஆகவேண்டிய இடம் எதுன்னு கலர் அடிச்சு.

2023 செப்டம்பர்ல இயற்கை சம்பந்தப்பட்ட ரிஸ்க்கை கம்பெனிங்க எப்படி வெளியில சொல்லணும்னு டிஎன்எஃப்டின்னு ஒரு குழு பெரிய பரிந்துரை ஒண்ணு கொடுத்துச்சு, பக்கம் பக்கமா இருக்கும். அதுல சொல்ற முதல் படி என்னன்னா, நீ இயற்கையைத் தொடுற இடம் எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடின்றதுதான். அதாவது பத்திரத்து மேல மேப்பை வை. நான் முப்பது வருஷம் லேட்.

கே: என் பேங்க் கார்டுல மிருகம் படம் போட்டிருக்கு. நான் ஸ்வைப் பண்ணா காட்டுக்கு உதவி ஆகுதா? பேங்க் மரமெல்லாம் நடுதே, போதாதா?
— காலேஜ் மாணவி, ஃபீனிக்ஸ்

ப: கொஞ்சம் ஆகுதும்மா, பொய் இல்ல. உதாரணத்துக்கு நெட்பேங்கும், காட்டுயிரைக் காப்பாத்துற டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்பும் சேந்து 1990லயே ஒரு கிரீன் டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க, அந்த வகை அக்கவுண்ட் வெச்சிருந்தா உங்க பணத்துல கை வைக்காம பேங்க் தன் கையில இருந்து டிரஸ்டுக்குக் கொடுக்கும். நல்ல விஷயம்தான், அக்கவுண்டை மூடிடாதீங்க.

போதுமான்னா, ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2023ல சொன்ன கணக்கைப் பாருங்க. உலகத்துல இயற்கையைக் கெடுக்குற வேலைங்களுக்கு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 7 லட்சம் கோடி டாலர் போகுது, இயற்கையை வெச்சு செய்ற நல்ல வேலைங்களுக்கு 20,000 கோடி. ஒரு ரேண்ட் இந்தப் பக்கம், 35 ரேண்ட் அந்தப் பக்கம். மரம் நடுறது இந்தப் பக்கம் ஒரு ரேண்டை ஒண்ணே கால் ரேண்ட் ஆக்குற வேலை. எனக்கு அந்த 35 மேலதான் கண்ணு. அடுத்த தடவை பிராஞ்சுக்குப் போறப்போ எத்தனை மரம் நட்டீங்கன்னு கேக்காதீங்க, "எந்த மாதிரி லோனை நீங்க கொடுக்க மாட்டீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பதில் தெரியாம முழிப்பாங்க, பரவாயில்ல, நாலு பேரு கேட்டா மேல போய்ச் சேரும்.

கே: அண்ணா, நான் சென்னைல இருந்து வந்து மிட்ராண்ட்ல ஐடி வேலை. மாசம் மாசம் பென்ஷனுக்குப் பிடிக்கிறாங்க, அது எங்க போகுதுன்னே தெரியல. காட்டை அழிக்குற கம்பெனில போட்டிருந்தா நான் என்ன பண்ண முடியும்? ஒரு சாதாரண ஆளு கேட்டா யாரு கேப்பா?

ப: தம்பி, நீங்க நெனைக்குற அளவுக்கு சாதாரண ஆளு இல்ல. பேங்க்ல நீங்க வெறும் கஸ்டமர், பென்ஷன் ஃபண்ட்ல நீங்க கிட்டத்தட்ட முதலாளி.

நம்ம பென்ஷன் சட்டத்துல ரெகுலேஷன் 28னு ஒண்ணு இருக்கு, எதுல எத்தனை சதவீதம் போடலாம்னு சொல்றது. 2011ல அதை மாத்தி எழுதினப்போ, ஒரு சொத்துல பணம் போடுறதுக்கு முன்னாடி அதோட நீண்டகால லாபத்தைப் பாதிக்குற எதையும், சுற்றுச்சூழல் விஷயத்தையும் சேத்து, டிரஸ்டீங்க யோசிக்கணும்னு போட்டாங்க. யோசிக்கணும்னுதான் இருக்கு, கூடாதுன்னு இல்ல, அந்த ஓட்டை வழியா நெறைய போகும். ஆனா "யோசிச்சீங்களா, எழுதி வெச்சிருக்கீங்களா, காட்டுங்க"ன்னு கேக்குறதுக்கு உங்களுக்கு ஒரு பிடி கிடைச்சாச்சு. இன்னொண்ணு, ஒரு ஃபண்டோட போர்டுல பாதி பேரையாவது தேர்ந்தெடுக்குற உரிமை மெம்பர்களுக்கு சட்டத்துலயே இருக்கு. உங்க கம்பெனிக்கு சொந்த ஃபண்டா, இல்ல பல கம்பெனி சேந்த அம்ப்ரெல்லா ஃபண்டான்னு எச்ஆர்ல கேளுங்க, அம்ப்ரெல்லான்னா பெரும்பாலும் இந்தத் தேர்தல் விஷயத்துல விலக்கு வாங்கியிருப்பாங்க, அங்க கம்பெனி லெவல் கமிட்டி ஏதாவது இருக்கும், அதுல பேசணும். ஃபண்டோட முதலீட்டுக் கொள்கை டாக்குமென்டையும் கேட்டு வாங்குங்க.

யாரு கேப்பான்னா, 2019ல ஸ்டாண்டர்ட் பேங்கோட வருஷக் கூட்டத்துல பங்குதாரருங்க பருவநிலை பத்தி ஒரு தீர்மானத்தை வோட்டுக்குக் கொண்டு வந்தாங்க, நம்ம நாட்ல ஒரு கம்பெனில அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அது நிலக்கரி விஷயம், இது காடு விஷயம், ஆனா கதவு அதே கதவுதான். வோட்டுப் போடுறவங்க யாரு? உங்க பென்ஷன் பணத்தை நிர்வாகம் பண்ற ஆளுங்க. உங்க பேருல உங்களைக் கேக்காம கை தூக்குறாங்க.

பிடித்தம் வேண்டாம்னு சண்டை மட்டும் போடாதீங்க, அது உங்க வயசான காலத்துச் சோறு.

கே: 2022 வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அதுக்கப்புறம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறிக்கிட்டே போகுது. கட்டுறது நாங்க, ஆத்தைக் குப்பையாக்குறது யாரோ. இன்ஷூரன்ஸ்காரன் அந்த ஆத்தைச் சுத்தம் பண்ணக் கூடாதா?
— ஒரு குடும்பத்தலைவி, இசிபிங்கோ

ப: பண்ணலாம் தங்கச்சி, இது ரொம்ப நல்ல கேள்வி, இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல உக்காந்திருக்குற பலபேருக்கே தோணாதது.

உங்க ஊரு கதை உங்களுக்குத் தெரியும், வெளியூர் வாசகருக்காகச் சொல்றேன். டர்பன் பக்கத்து இசிபிங்கோ கழிமுகத்துக்கு வந்துக்கிட்டிருந்த உம்லாஸ் ஆத்தை அந்தக் காலத்துல திருப்பி கால்வாய் வெட்டி நேரா கடலுக்கு விட்டாங்க. வெள்ளம் பரவி நிக்கிற அந்தச் சமதளத்துல ஏர்போர்ட் வந்துச்சு, ஃபேக்டரி வந்துச்சு. அலையாத்திக் காடு கொஞ்சூண்டு மிச்சம். 2022 ஏப்ரல் 11, 12ல சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுனப்போ தண்ணி தன் பழைய இடத்தைத் தேடி வந்துருச்சு. குவாசுலு-நடால் மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்தாங்க. ப்ராஸ்பெக்டன்ல டொயோட்டா ஃபேக்டரியே மாசக்கணக்குல நின்னுச்சு. ஆறு மறக்காதுன்னு எங்க ஆயா சொல்வாங்க.

மெக்ஸிகோல குவின்டானா ரூன்னு ஒரு மாநிலம், கரையோரம் பவளப்பாறை. புயல் அலை கரையில இருக்குற ஹோட்டல்மேல மோதாம அந்தப் பாறைதான் வேகத்தைக் குறைக்குது. அதனால அவங்க அந்தப் பாறைக்கே இன்ஷூரன்ஸ் எடுத்தாங்க. காத்து ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினா சர்வேயர் வந்து பாக்கவே வேண்டாம், பணம் தானா வரும். 2020 அக்டோபர்ல டெல்டா புயல் அடிச்சப்போ சுமார் 8 லட்சம் டாலர் வந்துச்சு, முன்னாடியே பயிற்சி கொடுத்து வெச்சிருந்த ஆளுங்க முங்கிப் போய் உடைஞ்ச பவளத்தை எடுத்துத் திரும்ப ஒட்டினாங்க. க்ளெய்ம் ஃபார்ம் நிரப்பி ஆறு மாசம் காத்திருந்த நமக்கு இதைக் கேட்டா வயிறு எரியுது இல்ல?

டர்பன்ல அப்படி பாலிசி எடுக்க பவளம் இல்ல, ஓடைங்க இருக்கு. சிஹ்லான்ஸிம்வேலோன்னு மாநகராட்சியோட ஓடை சுத்தம் பண்ற திட்டம் ஒண்ணு ஓடுது, பக்கத்துலயே குடியிருக்குற ஜனங்க கூட்டுறவா சேந்து குப்பையையும் ஆக்கிரமிப்புச் செடியையும் எடுக்குறாங்க, அவங்களுக்குச் சம்பளம். ஓடை அடைக்காம இருந்தா பாலம் உடையாது, பாலம் உடையலைன்னா வீட்டுக்குள்ள தண்ணி கம்மி, அப்போ க்ளெய்ம் கம்மி. இந்த லாபம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போகுது, செலவை நகரம் ஏத்துக்குது. அவங்களும் ஒரு பங்கு போடணும்ன்றது என் கட்சி. பிரீமியம் ஏத்துற லெட்டருக்குப் பதில் எழுதுறப்போ இதைச் சேத்து எழுதுங்க, காப்பி உங்க வார்டு கவுன்சிலருக்கு.

கே: ஸ்டேங்கர் பக்கம் எனக்கு கேன் ஃபார்ம். மேல ஒரு சரிவுல பழைய காடு, கீழ சேத்து நிலம். வயசாகுது, பசங்க ஆஸ்திரேலியால. காட்டை வெட்டி விக்கலாமா, கீழ வடிச்சு கரும்பு வெக்கலாமான்னு யோசனை. பேங்க் கடன் கொடுக்குமா?

ப: அண்ணே, நீங்க கேட்டது என் பழைய ஃபைலை மறுபடி கொண்டு வந்து மேஜைல வெச்ச மாதிரி இருக்கு.

முதல்ல சட்டம். சேத்து நிலத்தை உழுறதுக்கும் வடிக்கிறதுக்கும் 1983 விவசாய வளப் பாதுகாப்புச் சட்டத்துலயும் 1998 தண்ணிச் சட்டத்துலயும் அனுமதி வேணும், நாட்டுக் காட்டு மரத்தை வெட்டவும் லைசென்ஸ் வேணும். அனுமதி இல்லாம செஞ்சா பேங்க் கடன் கொடுத்தாலும் தலைவலி உங்களுக்குத்தான். பெரிய பேங்குங்க ஈக்வேட்டர் கோட்பாடுன்னு ஒண்ணுல கையெழுத்துப் போட்டிருக்காங்க, சுற்றுச்சூழலைப் பாக்காம ப்ராஜெக்ட் கடன் கொடுக்க மாட்டோம்னு. ஆனா அது 1 கோடி டாலருக்கு மேல இருக்குற ப்ராஜெக்டுக்கு. உங்க வ்லேய் அந்த வலைல விழாத சின்ன மீனு. சின்ன மீனா வழுக்கிப் போற லோன்லதான் ஒவ்வொரு சதுப்பா காணாமப் போகுது, இது என் 31 வருஷ அனுபவம்.

இப்போ வேற வழி. மாகாணத்துல எஸெம்வேலோன்ற வனவிலங்கு அமைப்பு நடத்துற பல்லுயிர் ஸ்டூவர்ட்ஷிப் திட்டம் இருக்கு. அவங்க ஆளு வந்து உங்க காட்டையும் சேத்தையும் பாப்பாரு, தகுதி இருந்தா நிலம் உங்க பேர்லயே இருக்க, அதை இயற்கைக் காப்பகமா அறிவிக்கலாம். குறைஞ்சது 99 வருஷத்துக்கு அறிவிச்சு பத்திரத்துல ஏத்திட்டா, வருமான வரிச் சட்டம் 37டி பிரிவுப்படி அந்த நிலத்தோட மதிப்புல வருஷம் 4 சதவீதத்தை 25 வருஷத்துக்கு உங்க வரிக்குரிய வருமானத்துல கழிச்சுக்கலாம். உதாரணத்துக்கு அந்தத் துண்டு 50 லட்சம் ரேண்ட்னா, வருஷம் 2 லட்சம் ரேண்ட் கழிவு. வரிலயே 2 லட்சம் குறையும்னு நெனச்சுடாதீங்க, வருமானத்துலதான் குறையும், கரும்பு வருமானம் இருக்குறவரைக்கும்தான் இதுக்கு அர்த்தம். அந்த நிலத்தை நீங்களும் பயன்படுத்துற உரிமையை வெச்சுக்கிட்டா கழிவு அதுக்குத் தகுந்தாப்ல கொறையும். டாக்ஸ் ஆளை வெச்சுப் பாருங்க, நான் அந்த வேலை பாத்தவன் இல்ல.

இதுல பேங்க் எங்க வருதுன்னா, ஃபார்ம் பத்திரம் அடமானத்துல இருந்தா அதுல எதை ஏத்துறதுக்கும் அவங்க சம்மதம் வேணும். பேங்க்காரன் மனசுல, காப்பகம்னு எழுதினா நிலம் விலை போகாதுன்னு ஒரு பயம். நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். காடும் சேறும் தண்ணியைப் பிடிச்சு வெச்சாத்தான் வறண்ட வருஷத்துல நடுவுல இருக்குற கரும்பு நிக்கும், அந்தக் கரும்புதான் தவணை கட்டுது, அதனால பேங்க் தன் சொந்த நன்மைக்காகவே உடனே கையெழுத்துப் போடணும். வட்டில அரை சதவீதம் குறைச்சாலும் தகும்னு நான் சொல்வேன், கேட்டுப் பாருங்க, கேக்குறதுக்குக் காசா பணமா.

கேப் டவுன்காரங்களுக்கு இது 2018ல உறைச்சுது. குழாய்ல தண்ணி நிக்குற நாளை எண்ணிக்கிட்டிருந்தாங்க இல்ல, அப்போ கணக்குப் போட்டா, அணைக்கு மேல மலைல வெளிநாட்டு பைன் மரமும் வாட்டில் மரமும் குடிச்சே வருஷத்துக்கு சுமார் 5,500 கோடி லிட்டர் போகுதுன்னு தெரிஞ்சுது, நகரத்துக்கு ரெண்டு மாசத் தண்ணி. இப்போ அங்க ஒரு தண்ணீர் நிதியம் வெச்சு, கம்பெனி பணமும் நகரத்துப் பணமும் சேத்து மரத்தை வெட்டுறாங்க, கயித்துல தொங்கிக்கிட்டு கூட. உங்க சரிவுல வாட்டில் இருக்கா பாருங்க. இருந்தா அதை வெட்டி வித்துக்கோங்க, அதுல எனக்கு ஆட்சேபமே இல்ல.

கே: எங்க கோயில் பணம் ஃபிக்ஸட் டெபாசிட்ல இருக்கு. கமிட்டில ஒரு இளைஞர் இதை "பசுமை"யா மாத்தணும்னு சண்டை போடுறாரு. என்ன செய்ய?
— கோயில் பொருளாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ப: கோயில் பணத்துல ரிஸ்க் எடுக்காதீங்க, டெபாசிட் டெபாசிட்டாவே இருக்கட்டும். அந்த இளைஞரை பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க, கமிட்டி லெட்டர்ஹெட்ல: எங்க டெபாசிட்டை வெச்சு நீங்க கொடுக்குற ஃபார்ம் லோனுக்கும் வீட்டுமனை லோனுக்கும் சான்பி மேப்பைப் பாக்குறீங்களா, ஆமாவா இல்லையா. ஆமான்னு எழுத்துல கொடுக்குற பேங்குக்கு அடுத்த தவணையை மாத்துங்க. வட்டி ஒண்ணாத்தான் இருக்கும்.

அப்படியே அவர்கிட்ட இன்னொரு வேலையும் கொடுங்க. நம்ம ஊர்ல வேம்பு கிடைக்காம, தாத்தா பாட்டி காலத்துல இருந்து அம்மனுக்கு சிரிங்கா இலைதானே கட்டுறோம், மலைவேம்பு. அந்த மரம் ஆக்கிரமிப்புச் செடி லிஸ்ட்ல இருக்கு, குருவி பழத்தைத் தின்னுட்டு ஆத்தோரம் பூரா விதைக்குது. எல்லாத்தையும் வெட்டுங்கன்னு நான் சொன்னா எங்க அக்காவே என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. கோயில் வாசல்ல ஒண்ணு ரெண்டு இருக்கட்டும், ஆத்தோரமா முளைச்சதை எடுத்துடுங்க, குளிர் மாசத்துல இலை கொட்டி மஞ்சக்காய் மட்டும் கொத்துக் கொத்தாத் தொங்குமே, அப்போ ஏணி வெச்சு காயைப் பறிச்சு மூட்டை கட்டிடுங்க. பறிக்கிறப்போ சின்னப் பசங்களை பக்கத்துல விடாதீங்க, அந்தக் காய் விஷம்.